வீட்டுத் தோட்டத்தில் சீனிக்கிழங்கு

(டி. கல்லுப்பட்டி வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் பெரும்பாலும் கூடுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. இருபது அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள ஓர் இடத்தைப் பற்றியது. அவ்வளவு இடம் உங்களில் பலருடைய வீட்டின் பின்புறத்தில் சும்மா கிடக்கிறது. அங்கே சீமைக்கருவேல் முளைத்திருக்கும். அல்லது பாத்திரம் கழுவிய நீர் தேங்கிச் சேறாகிக் கொசுவை வளர்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சீனிக்கிழங்கு பயிரிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே நாம் வந்திருக்கிறோம். சர்க்கரைவள்ளி என்று ஏடுகளில் எழுதப்படுவதும், நம் பக்கத்தில் சீனிக்கிழங்கு என்று அழைக்கப்படுவதும் ஒன்றே.

இந்த ஊரில் இதைப் பேசுவது ஒருவகையில் பொருத்தமானதும்கூட. இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் 1940 ஆம் ஆண்டு திரு. ஜி. வேங்கடாசலபதி அவர்களால் தோற்றுவிக்கப்பட்டது. காந்தியப் பொருளாதார அறிஞர் டாக்டர் ஜே. சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் இவ்வூரில்தான்; 1960 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் தேதி அவர் மறைந்தார். ஓர் ஊரின் நிலம் முதலில் அவ்வூர் மக்களுக்கு வேண்டிய சமச்சீரான உணவைத் தர வேண்டும், சந்தைக்கான பயிர் அதற்குப் பின்னரே என்பது அவருடைய கொள்கை. ஒருவருக்கு நாளொன்றுக்கு என்னென்ன உணவு எவ்வளவு வேண்டும் என்று அவர் ஓர் அட்டவணையே வகுத்தார். அதில் தானியம், பருப்பு, பால், காய்கறிகளோடு கிழங்கு வகைக்கும் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம், ஒதுக்கியிருந்தார். அவர் வாழ்ந்த ஊரைச் சுற்றியுள்ள நம் வீடுகளில் இன்று அந்த 4 அவுன்ஸ் இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தம் அடுக்களையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஏன் இக்கிழங்கு?

இக்கிழங்கு நம் நாட்டில் தோன்றியது அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. வந்த இடங்களிலெல்லாம் பஞ்ச காலத்தில் மக்களைக் காத்திருக்கிறது. ஜப்பானில் 1732 ஆம் ஆண்டு பெரும் பஞ்சம் உண்டாயிற்று. நெல் பொய்த்தபோதும் இக்கிழங்கைப் பயிரிட்டிருந்த தென் பகுதி மக்கள் தாக்குப்பிடித்தனர். அதைக் கண்ட அவோகி கோன்யோ என்னும் அறிஞர் தலைநகரை ஒட்டிய பகுதிகளிலும் அதைப் பயிரிட்டுக் காட்டினார். நான்கு மாதத்தில் விளைவது, குறைந்த எருவில் வளர்வது, மழை சற்றுத் தவறினாலும் பொறுத்துக்கொள்வது ஆகிய குணங்களே அதற்குக் காரணம்.

இன்று நம் ஊர்களில் அத்தகைய பஞ்சம் இல்லை. ஆனால் வேறொரு குறை உண்டு. தட்டு நிறையச் சோறு இருக்கிறது. சோற்றைச் சுற்றி ஒன்றும் இல்லை. சிறுவர்களின் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டிய வைட்டமின் ஏ சத்து அரிசியில் இல்லை. ஆரஞ்சு நிறச் சதையுள்ள சீனிக்கிழங்கில் அச்சத்தைத் தரும் பொருள் நிறைய உள்ளது. நல்ல இரகமாயின் 100 கிராம் கிழங்கே ஒரு சிறு குழந்தையின் ஒரு நாள் தேவைக்குப் போதும். வெள்ளைச் சதையுள்ள கிழங்கில் இது மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்க நாடுகளின் குடியானவர் வீடுகளில் பரப்பிய பணிக்காக அறிவியலாளர் சிலருக்கு 2016 ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. அந்த இரகங்கள் நம் நாட்டிலும் உண்டு. திருவனந்தபுரத்தில் 1963 இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கனகா, பூ சோனா என்னும் ஆரஞ்சுச் சதை இரகங்களை வெளியிட்டுள்ளது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ வரிசையில் இரகங்களைத் தந்துள்ளது.

ஆரஞ்சுக் கிழங்கு சற்று நீர்ப்பதமாக இருக்கும். மாவு போன்ற வெள்ளைக் கிழங்கைத் தின்று பழகிய நமக்கு முதலில் அது பிடிக்காமல் போகலாம். ஆகவே ஐந்து பார் போடுகிறவர்கள் மூன்றில் ஆரஞ்சும், இரண்டில் நம் ஊர்க் கிழங்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.

எமது தோல்வி

முறைகளைச் சொல்லுமுன், நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, ஒரு பள்ளித் தோட்டத்தில் மாதிரிப் பாத்தி ஒன்று அமைத்தோம். எருவைத் தாராளமாகக் கொட்டினோம். மேலுக்கு யூரியாவும் இட்டோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் பாய்ச்சச் சொன்னோம். கொடி பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அறுவடையன்று ஊராரை அழைத்து மண்ணைத் தோண்டினோம். விரல் பருமனுக்கு மேற்பட்ட கிழங்கு ஒன்றுகூட இல்லை. மொத்தத்தையும் கூட்டினால் மூன்று கிலோ தேறவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அங்கே நின்றிருந்த மூதாட்டி ஒருவர் ஒரு கொடியைப் பிடித்துத் தூக்கினார். கணுவுக்குக் கணு வேர் பிடித்திருந்தது. "ஐயா, கொடிக்குத் தீனி போட்டீக, கிழங்குக்கு என்ன போட்டீக? ஒரு தரமாச்சும் கொடியைப் புரட்டி விட்டீகளா?" என்று கேட்டார். எமக்குப் பதில் இல்லை. பட்டம் பெற்றிருந்த நாம் ஏட்டில் படித்திருந்தோம். ஆனால் இலையின் பசுமையைக் கண்டு மயங்கிவிட்டோம். இப்பொழுது நாம் சொல்லப்போகும் முறைகளிற் பாதி, அந்த அம்மையாரின் கேள்வியிலிருந்து கற்றுக்கொண்டவை.

மண்ணைப் பண்படுத்துதல்

இக்கிழங்குக்கு ஏற்றது நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண். நம் வட்டாரத்திலோ கரிசல் மிகுதி. கரிசல் பருத்திக்கும் சோளத்துக்கும் தாயைப் போன்றது. கிழங்குக்கோ கடினமான மாற்றாந்தாய். ஈரத்தில் இறுகப் பிடிக்கும், காய்ந்தால் வெடிக்கும். ஆனால் நாம் பேசுவது ஏக்கர் கணக்கில் அன்று, இருநூறு சதுர அடியைப் பற்றி. அவ்வளவு மண்ணைக் கையாலேயே திருத்திவிடலாம்.

முதலில் ஒரு முழ ஆழம் கொத்திக் கட்டிகளை உடைத்து, ஒரு வாரம் வெயிலில் காயவிட வேண்டும். நன்கு மக்கிய தொழுவுரம் 50 கிலோ போதும். மக்காத சாணம் கூடாது. செம்மண் கிடைக்குமாயின் சில கூடை கலந்துகொள்ளலாம். கடலைத் தோல் கலந்தால் கரிசல் பொலபொலப்பாகும். செம்மண் தோட்டமாயின் அடுப்புச் சாம்பல் தூவலாம். அது கிழங்கு பருக்க வேண்டிய சாம்பல் சத்தைத் தரும். கரிசலில் சுண்ணாம்புத் தன்மை ஏற்கெனவே மிகுதியாதலால் சாம்பலை மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் இரண்டடிக்கு ஒரு பாராக, ஒரு அடி உயரத்திற்கு ஐந்து பார் எடுக்க வேண்டும். இந்த உயரம் மிகவும் முக்கியம். ஐப்பசி மழையில் நீர் பாரைவிட்டு வடிந்து ஓட வேண்டும். ஒரு கடைசியில் சிறு வாய்க்கால் வெட்டி வைக்கவும். நீர் நின்றால் கிழங்கு அழுகும்.

நிலமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பழைய அரிசிச் சாக்கில் மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, அடியில் துளையிட்டு, ஒரு சாக்குக்கு மூன்று கொடி நடலாம். வெயில் நன்றாக விழும் இடமாக இருந்தால் போதும்.

நடவும் பராமரிப்பும்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மூத்தோர் வாக்கு. வீட்டுத் தோட்டத்துக் கிழங்குக்கு நாம் சொல்லும் பட்டம் ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதல் வாரமும். அப்பொழுது நட்டால் வடகிழக்குப் பருவமழையே பெரும்பகுதி நீரைத் தந்துவிடும். நூற்றுப்பத்து முதல் நூற்றிருபது நாளில், சரியாகத் தைப் பொங்கலுக்குக் கிழங்கு கைக்கு வரும். பொங்கல் பானைக்கு முன் படைக்கும் கிழங்கைச் சந்தையில் விலை கொடுத்து வாங்காமல், சொந்தப் பாத்தியிலிருந்து எடுத்து வைக்கும் மகிழ்ச்சியைத் தாய்மார்கள் அறிவார்கள்.

கொடியின் நுனிப்பகுதியே நடவுக்குச் சிறந்தது. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த நீளத்தில், நான்கைந்து கணு இருக்கும்படி நறுக்கவும். நறுக்கியவற்றை இரண்டு நாள் நிழலில் வைத்து, ஈரத்துணியால் மூடினால் கணுவில் வேர் முனை எட்டிப்பார்க்கும். பாரின் மேல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் புதையும்படி நட வேண்டும். ஒரு பாருக்கு 30 கொடி, ஐந்து பாருக்கு 150 கொடி.

முதற் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும். அதன்பின் மழையில்லாத காலத்தில் வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும். குளித்த நீரையும் பாத்திரம் அலசிய நீரையும் சரளைக்கல் நிரப்பிய சிறு குழியின் வழியே விட்டுப் பாத்திக்குத் திருப்பலாம். சலவைத்தூள் கலந்த நீரை மட்டும் விட வேண்டாம். அதிலுள்ள உப்பு மண்ணைக் கெடுக்கும்.

முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, களை எடுத்து மண் அணைத்தல். மற்றது, அந்த மூதாட்டி சொன்ன கொடி புரட்டல். படர்ந்த கொடியை மெல்லத் தூக்கி மறுபுறம் திருப்பிப் போட வேண்டும். கணுவில் பிடித்த வேர் அறுந்துவிடும். அதன்பின் உணவு அடிக்கிழங்குக்குச் சேரும். யூரியாவை வீட்டுத் தோட்டத்தில் அறவே தவிர்க்கலாம்.

கூன்வண்டு

சீனிக்கிழங்குக்குப் பெரும் பகைவன் கூன்வண்டு. பார்வைக்கு எறும்பைப் போல் இருக்கும். தலை கருநீலம், கழுத்து சிவப்பு. அதன் புழு கிழங்கைக் குடைந்து கசப்பாக்கிவிடும். இவ்வண்டு தோண்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக்கூடியது அன்று. மண்ணில் உள்ள வெடிப்பின் வழியேதான் கிழங்கை அடைகிறது. மார்கழியில் மழை ஓய்ந்து கரிசல் வெடிக்கும் நாட்களே நமக்கு ஆபத்தானவை. ஆகவே அந்நாட்களில் வெடிப்பு தெரிந்த இடமெல்லாம் மண் அணைத்து மூடவும். வைக்கோல் அல்லது காய்ந்த சருகைப் பாரின்மேல் பரப்பவும். சிறிது நீர் தெளிக்கவும். இந்த ஒரு வேலையைத் தவறாது செய்தால் பூச்சிமருந்து தேவைப்படாது. வண்டைக் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு. தோட்டக்கலைத் துறையினரிடம் கேட்கலாம். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நடாமல், அடுத்த முறை அவரை, கீரை என்று மாற்றிக்கொள்வது நன்று.

ஓர் எச்சரிக்கை: வண்டு குடைந்த கிழங்கையும், அழுகிப் பூசணம் பிடித்த கிழங்கையும் மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு மாட்டின் நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். அத்தகைய கிழங்கை ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடவும். நல்ல கொடியையும் இலையையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தாராளமாகப் போடலாம். இளந்தளிரைக் கீரையாகக் கடைந்து நாமும் உண்ணலாம்.

அறுவடையும் உணவும்

இலை மஞ்சளிக்கத் தொடங்கினால் ஒரு கிழங்கைத் தோண்டி நறுக்கிப் பாருங்கள். வெட்டிய இடத்துப் பால் வெண்மையாகவே காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். முற்றியபின் மண்ணில் நெடுநாள் விட்டுவைப்பது வண்டுக்கு விருந்து வைப்பதாகும். தோண்டும்போது தோல் கிழியாமல் எடுத்து, காயம்பட்டவற்றை முதலில் சமைத்துக்கொள்ளவும். மற்றவற்றை நிழலில், உலர்ந்த மணலுக்குள் வைத்தால் சில வாரங்கள் கெடாது.

இருநூறு சதுர அடியில், ஒழுங்காகப் பேணினால், 20 முதல் 25 கிலோ வரை எதிர்பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் என்றால், இது நாற்பது நாளுக்கு மேல் வரும். வேக வைத்து, சிறிது தேங்காய்த் துருவலோ நல்லெண்ணெயோ சேர்த்து உண்டால் அதன் சத்து உடலில் நன்றாகச் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டே இதைச் சிறிதளவு உண்ண வேண்டும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

வீட்டுத் தோட்டத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் வயலில் கிழங்கு வைத்தால் காட்டுப்பன்றி விட்டுவைக்காது. வேலிக்குள், ஆள் நடமாட்டத்தில், பெண்களின் கண்பார்வையில் இருக்கும் பயிருக்கு அத்தொல்லை குறைவு.

பஞ்சாயத்து செய்ய வேண்டியது

இவ்வளவும் சொன்னபின், "கொடிக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவே உண்மையான சிக்கல். கடந்த காலத்திலும் இதில்தான் பலர் கைவிட்டார்கள். தையில் கிழங்கு எடுத்தபின் கொடி பங்குனியிலும் சித்திரையிலும் காய்ந்து போகிறது. புரட்டாசியில் நடுவதற்கு ஊரில் ஒரு சாண் கொடிகூட இருப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் கோடையில் கொடியைக் காப்பாற்றுவது இயலாது, பஞ்சாயத்தால் இயலும்.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு செண்ட் நிலத்தில் தாய்ப்பாத்தி ஒன்று அமைக்குமாறு வேண்டுகிறோம். மேல்நிலைத் தொட்டியின் கீழும், பொதுக் குழாயடியிலும் வீணாக வழிந்தோடும் நீரே அதற்குப் போதும். ஆனி மாதத்தில் வண்டு படாத சிறு கிழங்குகளை அங்கே நட வேண்டும். அவற்றில் முளைக்கும் கொடியை நறுக்கி அதே நிலத்தில் மீண்டும் நட்டுப் பெருக்கினால், புரட்டாசிக்குள் ஏறத்தாழ 6,000 கொடி கிடைக்கும். வீட்டுக்கு 150 கொடியாக நாற்பது வீட்டுக்குப் போதும். அடுத்த ஆண்டு அந்த நாற்பது வீட்டாரும் ஆளுக்கு ஐந்து நல்ல கிழங்கைத் தாய்ப்பாத்திக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே கொடிக்கு விலை. பாத்தியைப் பேணும் பொறுப்பை ஊரில் உள்ள மகளிர் குழு ஒன்றிடம் ஒப்படைக்கலாம். அங்கன்வாடி முற்றத்தில் இரண்டு பார் வைத்தால், அங்கே வரும் குழந்தைகளின் தட்டிலேயே அதன் பயன் தெரியும்.

முதல் ஆண்டுக்குத் தேவையான தாய்க்கிழங்கைத் தோட்டக்கலைத் துறையின் வழியாகவும், மதுரை வேளாண்மைக் கல்லூரியின் ஆலோசனை பெற்றும் தருவிக்க நாம் முயற்சி எடுத்துக்கொள்கிறோம். நிலத்தைக் காட்டுவதும் நீரைத் திருப்புவதும் உங்கள் பங்கு.

1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது, அதிகாரி சொல்வதை மக்கள் கேட்பது என்றே பலர் அதைப் புரிந்துகொண்டனர். பள்ளித் தோட்டத்தில் நின்ற மூதாட்டி எமக்குக் கற்பித்தது வேறு. உங்கள் ஊரிலும் கொடியைத் தூக்கிப் பார்த்துக் கேள்வி கேட்கும் மூதாட்டி ஒருவர் கட்டாயம் இருப்பார். தாய்ப்பாத்திக்கு நிலம் தேர்ந்தெடுக்கும் நாளில் முதலில் அவரை அழையுங்கள். அதன்பின் எம்மை அழையுங்கள்.

வருகிற தைப் பொங்கலுக்கு நம் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் சொந்தக் கிழங்கு படைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணிக்கை நாற்பதாயினும் சரி, நானூறாயினும் சரி, அதுவே இக்கூட்டத்தின் பயன்.